வீட்டிலிருந்தே கால்நடை மருத்துவ உதவியாளர் கோர்ஸ்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கால்நடை மருத்துவ உதவியாளர் வேலைக்கென இணையத்தில் விற்கும் கோர்ஸ்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. உடலமைப்பு, நோய்கள், சுத்தம், மருந்தறை, வரவேற்பு மேசை, சட்டம் என்று பாடங்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தேர்வு. கடைசியில் பெயர் அச்சிட்ட சான்றிதழ். எந்த நிறுவனத்தையும் பெயர் சொல்லி இங்கே மதிப்பிடவில்லை. இந்த வகைப் பயிற்சியை முடித்துவிட்டு ஒருவர் கிளினிக்கில் கால் வைத்தால், முதல் வாரத்தில் அவரிடம் கேட்கப்படும் வேலைக்கு அது எவ்வளவு கைகொடுக்கும் என்பதுதான் கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை இவை போதிய அளவு தருகின்றன. கையால் பழக வேண்டியதைத் தருவதில்லை. நேரடிப் பயிற்சி மணிநேரம் கோர்ஸோடு கட்டாயமாகச் சேர்ந்திருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அது ஒரு பாடப்புத்தகம்; பாடப்புத்தகத்துக்குத் தகுந்த விலைதான் அதற்கும் தகும்.

விளம்பரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, எந்த வேலைக்கு ஆள் தயாரிக்கிறோம் என்பதை ஒழுங்காகச் சொல்கிறார்களா என்பது. கால்நடை செவிலியர் அல்லது டெக்னீசியன் என்பது பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் படித்து, தேர்வு எழுதி, பதிவு பெற்றுச் செய்யும் தொழில். உதவியாளர் அவர்களுக்கும் மருத்துவருக்கும் கை கொடுப்பவர். விலங்கைப் பிடிப்பது, கூண்டு சுத்தம், கருவிகளைக் கழுவி ஸ்டெரிலைஸ் செய்வது, உணவு, எடை, பதிவேடு, உள்நோயாளிகள் மீது ஒரு கண் இவையெல்லாம் அவர் வேலை. நோய் இன்னதென்று சொல்வதும், மருந்து எழுதுவதும், அறுவை செய்வதும் எங்கேயும் அவருடையவை அல்ல. ஊசி போடலாமா, எக்ஸ்ரே எடுக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். இந்த எல்லையைத் தெளிவாக வரைந்து காட்டாமல் ‘சில வாரங்களில் செவிலியர் ஆகலாம்’ என்கிற தொனியில் பேசும் கோர்ஸைத் தயங்காமல் தள்ளிவிடலாம்.

விலங்கைப் பிடிக்கும் பாடத்தில்தான் இவை பெரிதாகச் சறுக்குகின்றன. நாயின் முன்னங்காலில் ஊசி போடும்போது உதவியாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒரு கை தாடைக்குக் கீழே சுற்றிப் போய் நாயின் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொள்கிறது. மற்ற கை முழங்கைக்குப் பின்னாலிருந்து காலை முன்னால் நீட்டித் தாங்குகிறது. அதே கையின் கட்டைவிரல் முழங்கை மடிப்பில் குறுக்கே அழுந்தி, லேசாக வெளிப்பக்கம் உருள்கிறது. அப்போதுதான் ரத்தக்குழாய் எழும்பி, ஊசிமுனைக்கு நழுவாமல் நிற்கும். மருந்து செலுத்துவதானால், சிரிஞ்சில் ரத்தம் தெரிந்து மருத்துவர் ‘விடுங்க’ என்றதும் கட்டைவிரலை மட்டும் எடுக்க வேண்டும். புதியவர்கள் விரலோடு சேர்த்துக் காலையும் விட்டுவிடுவார்கள். நாய் காலை இழுக்கும், மருந்து குழாய்க்கு வெளியே இறங்கும். சில மருந்துகள் அப்படி இறங்கினால் அந்த இடத்துச் சதையே அழுகிப்போகும். ஊசியை எடுத்த பிறகு பஞ்சு வைத்து ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் ரத்தம் கட்டி வீங்கும். அடுத்த முறை அந்தக் குழாயில் ஊசி ஏற்றுவது பெரும்பாடு.

இதை வீடியோவில் பார்க்கலாம். ஆனால் கட்டைவிரலுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும், நாய் திமிறுவதற்கு ஒரு கணம் முன்னால் அதன் உடம்பு எப்படி இறுகும் என்பதெல்லாம் நாயைப் பிடித்தால்தான் தெரியும். நல்ல கோர்ஸ் இதை மறைப்பதில்லை. ‘இந்தப் பத்துச் செயல்களையும் மேற்பார்வையாளர் முன் செய்து காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்’ என்று ஒரு பதிவேட்டைக் கையில் கொடுக்கும். மோசமானது, ‘கட்டைவிரல் எங்கே வைக்க வேண்டும்’ என்று நான்கு விடை கொடுத்து மதிப்பெண் போட்டு அனுப்பிவிடும்.

பூனைப் பாடம் ஒரு கோர்ஸின் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிடரித்தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கும் படம் இன்னும் இருந்தால், அது புதுப்பிக்காத பாடம் என்று அர்த்தம். பூனை மருத்துவ அமைப்புகள் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அந்தப் பிடியை விட்டுவிடச் சொல்கிறது. அது பூனையின் பயத்தை ஏற்றும், பயம் கடியில் முடியும். இப்போது சொல்லிக்கொடுக்க வேண்டியது, கூண்டின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, பூனை கீழ்த்தட்டில் உட்கார்ந்தபடியே பரிசோதிக்க விடுவதும், தேவையானால் டவலில் கழுத்து முதல் வால் வரை சுற்றி, பார்க்க வேண்டிய காலை மட்டும் வெளியே எடுப்பதும்தான்.

நாயின் உடல்மொழியிலும் இதே சோதனையை வைக்கலாம். வாலை ஆட்டினால் நட்பு என்று ஒரே வரியில் முடித்திருந்தால் மூடி வைத்துவிடலாம். வால் விறைப்பாக உயர்ந்து சிறு வீச்சில் ஆடுவது எச்சரிக்கை. உதட்டை நக்குவது, காரணமில்லாத கொட்டாவி, கண்ணின் வெண்மை பிறைபோலத் தெரிவது, எல்லாவற்றுக்கும் மேல் சட்டென உறைந்து நிற்பது ஆகியவை கடிக்கு முந்தைய படிகள். உறுமலை அதட்டி அடக்கக் கூடாது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். உறுமாமல் கடிக்கும் நாய் அப்படித்தான் உருவாகிறது.

முயல், பறவை பற்றி அரைப் பக்கம்தான் பல கோர்ஸ்களில். அந்த அரைப் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தாலே போதும். முயலைத் தூக்கும்போது பின்பகுதியைத் தாங்காவிட்டால், அது உதைக்கும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. எனவே மார்பைச் சுற்றி இறுக்கினால் கையிலேயே மூச்சு நின்றுபோகும். மாடு, குதிரை பற்றிய பாடம் பெரும்பாலும் பெயருக்குத்தான். மாடு முன்பக்கமாகச் சுழற்றிப் பக்கவாட்டிலும் உதைக்கும், குதிரை பின்னால் நேராக உதைக்கும் என்ற வித்தியாசம் கூட இல்லாத பாடத்தை நம்பிப் பண்ணை வேலைக்குப் போகக் கூடாது.

சுத்தம் பற்றிய பாடம்தான் இவற்றில் உருப்படியானது. அதிலும் இரண்டு இடங்களைத் துருவிப் பார்க்க வேண்டும். முதலாவது வரிசை. கழிவை அள்ளி, சோப்புக் கரைசலால் தேய்த்து, அலசி, தண்ணீரை வடித்த பிறகுதான் கிருமிநாசினி. மலமோ ரத்தமோ ஒட்டியிருக்கும்போது மருந்தை ஊற்றினால், மருந்து அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். கிருமி அப்படியே இருக்கும். இரண்டாவது, ஊறும் நேரம். தெளித்த உடனே துடைப்பது வாசனை பிடிக்கத்தான் உதவும். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் அன்றாடம் தரை துடைக்கும் குவாட்டர்னரி அமோனியம் வகை மருந்துகளை அதற்கு நம்ப முடியாது. 5 முதல் 6 சதவீத பிளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர், அதாவது லிட்டருக்குச் சுமார் 33 மி.லி., தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். கரைசலை அன்றன்று கலக்க வேண்டும். சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச் ஊற்றினால் நச்சு வாயு எழும். அமிலத்தோடு சேர்த்தாலும் அதே கதைதான். பீனைல் வகை மருந்துகள் பூனைக்கு ஆகாது. தொற்றுநோய் அறையைக் கடைசியில் சுத்தம் செய்ய வேண்டும், அங்கே பயன்படுத்திய துடைப்பம் வெளியே வரக் கூடாது. இவ்வளவும் எண்களோடு இருந்தால் எழுதியவருக்கு வேலை தெரியும். ‘தகுந்த கிருமிநாசினியைப் பயன்படுத்தவும்’ என்று மட்டும் இருந்தால், எழுதியவர் துடைப்பம் பிடித்ததில்லை.

உடல் வெப்பம், நாடி, மூச்சு ஆகியவற்றின் அட்டவணை எல்லாக் கோர்ஸிலும் உண்டு. நாய்க்கு வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், பூனைக்கும் ஏறத்தாழ அதேதான். மனப்பாடம் செய்வது எளிது. அளக்கும்போது எங்கே தவறும் என்பதுதான் விடுபட்டுப் போகிறது. தெர்மாமீட்டர் முனை மலக்குடலின் சுவரைத் தொட வேண்டும். மலத்துக்குள் புதைந்தால் குறைவாகக் காட்டும், காய்ச்சல் கண்ணில் படாமல் போகும். மூச்சை விலங்கைத் தொடுவதற்கு முன்பே, தூரத்திலிருந்து, 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். தொட்ட பிறகு எண்ணினால் அது பயத்தின் எண்ணிக்கை. தொடையின் உள்பக்க நாடியையும் மார்பில் கேட்கும் துடிப்பையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். மார்பில் துடித்து நாடியில் வராத துடிப்பு இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சேதி. ஈறை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையை வரிசையில் உட்கார வைக்கக் கூடாது.

கணக்குப் பாடத்தைப் பலர் தாண்டிவிடுவார்கள். அது கூடாது. மருந்தளவு தீர்மானிப்பது மருத்துவர்தான். ஆனால் சிரிஞ்சில் இழுத்த அளவைச் சரிபார்க்கும் இரண்டாவது கண் உதவியாளருடையது. 12 கிலோ நாய், கிலோவுக்கு 2 மி.கி., மருந்தின் செறிவு மி.லி.க்கு 50 மி.கி. என்றால் 24-ஐ 50-ஆல் வகுக்க 0.48 மி.லி. புள்ளி ஓரிடம் தள்ளினால் 4.8, பத்து மடங்கு. 1 சதவீதக் கரைசல் என்றால் மி.லி.க்கு 10 மி.கி. என்பது தூக்கத்திலும் நினைவிருக்க வேண்டும். டிரிப் கணக்கும் அப்படியே: 240 மி.லி. 8 மணி நேரத்தில் போக வேண்டுமானால் மணிக்கு 30 மி.லி.; மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 10 சொட்டு, 60 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 30. இந்த மாதிரிக் கணக்குகள் குறைந்தது இருபது இல்லாத கோர்ஸ், கணக்குப் பாடம் உண்டு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

இன்சுலின் சிரிஞ்சு வேறுபாடு இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். விலங்குகளுக்கான இன்சுலின் பல மி.லி.க்கு 40 அலகு கொண்டவை (யு-40), மனிதருக்கானவை பெரும்பாலும் 100 (யு-100). யு-100 இன்சுலினை யு-40 சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். சர்க்கரை சரிந்து விலங்கு வலிப்பில் விழும். ஒரே ஒரு பத்தி போதும் இதைச் சொல்ல. அந்தப் பத்தி இருக்கிறதா என்பதை வைத்தே, பாடத்தை எழுதியவர் மருந்தறையில் நின்றவரா என்று கண்டுகொள்ளலாம்.

கருவிகளை அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பற்றிய பாடம் பொதுவாகப் பரவாயில்லை. 121 டிகிரி, 134 டிகிரி என்ற இரண்டு சுழற்சிகளும், வெப்பம் குறைந்தால் நேரம் கூட வேண்டும் என்பதும் எல்லாவற்றிலும் இருக்கும். விடுபடுவது நடைமுறைதான். கத்தரிக்கோல், இடுக்கிகளைத் திறந்த நிலையில் வைக்க வேண்டும். பொதிகளை நெருக்கி அடுக்கினால் நடுவில் நீராவி போகாது. பொதி ஈரமாக வெளியே வந்தால் ஸ்டெரைல் இல்லை, மறுபடி போட வேண்டும். பொதியின் வெளியே ஒட்டிய டேப் கோடு போட்டிருந்தால், பொதி சூட்டைக் கண்டது என்றுதான் பொருள். உள்ளே கிருமி செத்தது என்பதற்கு அது சான்றல்ல. அதற்குப் பொதிக்குள்ளேயே ஓர் இண்டிகேட்டர் வேண்டும்.

பரிசோதனைக்கு ரத்தம் ஊற்றும் குழாய்களை நிரப்பும் வரிசை பற்றியும் ஒரு சொல். ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ மருந்து உள்ள ஊதா மூடிக் குழாயை நிரப்பிய சிரிஞ்சு முனை மற்ற குழாயைத் தொட்டால், அங்கே பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். எனவே இடிடிஏ பின்னால்தான். குழாயைக் குலுக்கக் கூடாது. எட்டு, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடைந்து பரிசோதனையே வீண்.

எக்ஸ்ரே பாடத்தில் பாதுகாப்பைத் தவிர வேறெதையும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஈய அங்கி, உடம்பில் பட்ட கதிரை அளக்கும் டோசிமீட்டர், முடிந்தவரை மணல் மூட்டையும் பட்டையும் வைத்து விலங்கை நிறுத்திவிட்டு ஆள் விலகி நிற்பது. ஈயக் கையுறை போட்டிருந்தாலும் நேர்க்கதிரின் பாதையில் கை போகக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்; கையுறை சிதறும் கதிரைத் தடுக்கத்தான். கர்ப்பமாக இருப்பவர்கள் அந்த அறையில் பிடிக்கும் வேலையில் நிற்கக் கூடாது.

வரவேற்பு மேசை, தொலைபேசி பற்றிய பாடம் பல கோர்ஸ்களில் புன்னகை, கனிவு என்று பக்கம் பக்கமாக ஓடும். வேண்டியது அதுவல்ல. எந்த அழைப்பைக் காத்திருக்க வைக்கக் கூடாது என்ற பட்டியல் வேண்டும். மண்ணில் திரும்பத் திரும்ப முக்கியும் சிறுநீர் வராத ஆண் பூனை. வாந்தி வராமல் ஓங்கரித்து, வயிறு உப்பிய, நெஞ்சு ஆழமான பெரிய நாய். லில்லிச் செடியைக் கடித்த பூனை. நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்து பூசப்பட்ட பூனை. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த மிட்டாய் தின்ற நாய். உப்பு கொடுத்து வாந்தி எடுக்க வையுங்கள் என்று உதவியாளர் போனில் சொல்லிவிடக் கூடாது என்பதும் சேர்ந்தே வர வேண்டும். உப்பே நஞ்சாகும்.

உயிர்மீட்பு பாடம் இன்னொரு வயதுச் சோதனை. விலங்குகளுக்கான சிபிஆர் (இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்பது) வழிகாட்டுதலை ரெக்கவர் என்ற கால்நடை மருத்துவக் குழு 2012-ல் வெளியிட்டு, 2024-ல் புதுப்பித்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். இந்த எண்கள் இல்லாத பாடம் பழையது.

கருணைக்கொலை நேரத்தில் உதவியாளர் என்ன செய்வார் என்ற பாடத்தைக் காணாமல் விட்டுவிடும் கோர்ஸ்கள் உண்டு. பெரிய குறை. விலங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் உதவியாளர்தான். கண் மூடாமல் திறந்தே இருக்கும், பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது போல உடல் அசையலாம், சிறுநீர் போகலாம் என்பதை முன்கூட்டியே உரிமையாளருக்குச் சொல்ல மருத்துவருக்குத் துணை நிற்க வேண்டும். சொல்லாவிட்டால், உயிர் போகவில்லை என்று அவர்கள் பதறுவார்கள். இந்த வேலையை விட்டு விலகுகிறவர்கள் பலர் சம்பளத்தால் மட்டும் விலகுவதில்லை; இதைச் சுமக்க யாரும் சொல்லித்தராததாலும்தான்.

பணம் கட்டும் முன் மாதிரிப் பாடம் ஒன்றைக் கேளுங்கள். பூனையைப் பிடிப்பது அல்லது பார்வோ சுத்தம், இரண்டில் ஒன்று. தரமாட்டேன் என்றால் அதுவே பதில். கேள்விக்கு விடை சொல்லும் ஆசிரியர் யார், கால்நடை மருத்துவரா, பதிவு பெற்ற செவிலியரா என்று எழுத்தில் வாங்குங்கள். ‘அங்கீகாரம் பெற்றது’ என்றால் யாருடைய அங்கீகாரம் என்று கேட்டு, அந்த அமைப்பின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். எல்லாவற்றையும் விட நல்ல வழி, வேலைக்குப் போக நினைக்கும் இரண்டு மூன்று கிளினிக்குகளில் நேரே போய், இந்தச் சான்றிதழோடு வந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்பது. பல இடங்களில் கிடைக்கும் பதில், சான்றிதழை விட நாலு வாரம் கூண்டு கழுவிய அனுபவம் மேல் என்பதாகவே இருக்கும். அதைக் கேட்ட பிறகு கோர்ஸ் வாங்கினால், எதற்கு வாங்குகிறோம் என்பது தெரிந்து வாங்குவதாக இருக்கும்.

நேரடிப் பயிற்சி உண்டு என்று சொல்லும் கோர்ஸில், இடத்தை அவர்கள் ஏற்பாடு செய்கிறார்களா, நாமே தேடிக்கொள்ள வேண்டுமா என்பதைப் பிடித்துக் கேளுங்கள். ‘நேரடிப் பயிற்சி சேர்ந்தது’ என்ற விளம்பரத்தின் பின்னால் பெரும்பாலும் இரண்டாவதுதான். கிளினிக்கில் காலெடுத்து வைக்கும் முன் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பது முதல் நாளும் அதிலிருந்து ஏழு நாள் கழித்தும் என இரண்டு டோஸ். கடிபட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, முன்பே ஊசி போட்டிருந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விபத்துக் காப்பீடு கோர்ஸ் நிறுவனத்தின் பொறுப்பா, கிளினிக்கின் பொறுப்பா என்பதையும் பதிவேட்டில் யார் கையெழுத்திடுவார் என்பதையும் சேர்வதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.